பாக்கெட்ல சிரிக்கிற முகம்

எங்க சத்துமாவு பாக்கெட்ல முன்பக்கம் என் ஃபோட்டோதான் இருக்கும். 2017-ல லேபிள் அடிக்கக் குடுக்கும்போது டிசைன் பண்ண தம்பி சொன்னான், "அக்கா, ராகி படம் கம்பு படமெல்லாம் எல்லாரும் போடுறாங்க, உங்க முகத்தைப் போடுங்க, வீட்ல பண்ணதுன்னு பாத்தவுடனே நம்பிக்கை வரும்"னு. பச்சைக் காட்டன் புடவை, தலையில கொஞ்சம் மல்லி, நல்லா சிரிச்சிட்டு இருப்பேன். 2021 தீபாவளி முடிஞ்சு ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், மறுநாள் கூரியர்ல போக வேண்டிய ஆர்டருக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், பத்து பாக்கெட் ஒட்டினதுக்கு அப்புறம் கை ஓடல. பத்தும் என்னைப் பாத்து சிரிக்குது. யாரு இவன்னு தோணுச்சு. அப்படியே தரையில சாஞ்சு அழுதேன், எதுக்குன்னு அன்னைக்கு சத்தியமா தெரியல.

தொழில் அப்ப நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நஷ்டம் வந்ததால இப்படி ஆயிட்டான்னு நிறைய பேர் நினைச்சாங்க. கொரோனா சமயத்துல எல்லாருக்கும் எதிர்ப்பு சக்தி எதிர்ப்பு சக்தின்னு ஒரே பேச்சு, மாசம் நாப்பது கிலோ போய்க்கிட்டு இருந்த மாவு இருநூறு கிலோ போச்சு. திருச்சி உறையூர்ல எங்க வீட்டு மாடிதான் எங்க ஃபேக்டரி, முளைகட்டி காயவைக்கிறது மாடியில, வறுக்கிறது பின்னாடி ஷெட்ல, அரைக்கிறதுக்கு மில்லுக்கு எடுத்துட்டுப் போவோம். என்கூட மூணு பேரு வேலை பாத்தாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் "நீ தைரியமான பொம்பளை, ஒத்தையா நின்னு இவ்வளவு பண்ணிட்டியே"ம்பாங்க. அந்த வார்த்தை கேக்கக் கேக்க எனக்குப் பயமா இருக்கும், ஏன்னா அந்த தைரியமான பொம்பளை காலையில எந்திரிச்சு பல்லு தேய்க்கறதுக்கே ஒரு மணி நேரம் கட்டில்ல உக்காந்து மோட்டு வளையைப் பாத்துக்கிட்டு இருக்கான்னு அவங்க யாருக்கும் தெரியாது.

ராகி வறுக்கிறதுல ஒரு பதம் இருக்கு, வாசம் எழும்புற நேரத்துல இறக்கிடணும், கொஞ்சம் விட்டாலும் கசந்துடும், மொத்த மாவும் போச்சு. அந்த டிசம்பர்ல பன்னெண்டு கிலோவைக் கருக விட்டேன். அடுப்பு முன்னாடியேதான் நின்னுக்கிட்டு இருந்தேன், கையில கரண்டி இருக்கு, புகை வருது, கண்ணுல தெரியுது, ஆனா கை அசையல. எங்ககூட வறுக்கிற அக்கா ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கருகினதை ஒரு சாக்குல கொட்டி கட்டி வெச்சிட்டு, எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து குடுத்துட்டு சொன்னாங்க, "என் தங்கச்சி புள்ளை பெத்தப்போ இப்படித்தான்மா நின்னா. பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட காட்டினோம், மாத்திரை குடுத்தாங்க, ஆறேழு மாசத்துல பழைய மாதிரி ஆயிட்டா".

அதுக்கு முன்னாடி எட்டு மாசமா நான் போகாத டாக்டர் இல்ல. படபடப்புக்கு ஈசிஜி, சோர்வுக்கு தைராய்டு டெஸ்ட், வயித்தெரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி வரைக்கும் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல், கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க. "தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு"ன்னு ஒருத்தர்கூட கேக்கல. பள்ளிக்கூடம் பத்தாவதோட நின்ன அந்த அக்காதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க.

டாக்டர்கிட்ட போனேன். டிப்ரெஷன், கூடவே ஆங்சைட்டியும் இருக்குன்னாங்க. மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், பொறுமையா இருங்க, நீங்களா நிறுத்திடாதீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அவங்ககிட்ட கேக்கத் தோணின ஒரே கேள்வி, "டாக்டர், நான் தொடர்ந்து மாவு பண்ணலாமா?" அவங்களுக்குப் புரியல. நான் விளக்கினேன், டாக்டர் நான் விக்கிறதே ஆரோக்கியம், என் மூஞ்சிதான் பாக்கெட்ல இருக்கு, மனசுக்கு மாத்திரை சாப்பிடுறவ பண்ண மாவுன்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்கன்னு. அவங்க சொன்னாங்க, சுகர் இருக்கிறவங்க ஸ்வீட் ஸ்டால் வெச்சிருக்காங்களேம்மான்னு. வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை ஏலக்காய் டப்பாக்குள்ள வெச்சேன். ஏலக்காய் விலைக்கு அந்த டப்பாவை எங்க வீட்ல என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்க.

எனக்குள்ள இருந்த பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்க அம்மா வீட்ல பின்கட்டுல ஒரு ரூம் இருந்துச்சு, அதுல எங்க பெரியம்மா இருந்தாங்க. தனக்குத்தானே பேசுவாங்க, சில நாள் சத்தம் போடுவாங்க. சாப்பாட்டை ஜன்னல் வழியா குடுப்போம். வெளியாளுங்க வந்தா கதவைச் சாத்திடுவாங்க, எனக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவங்களை தாத்தாவோட ஊருக்கு அனுப்பிட்டாங்க. எங்களுக்கெல்லாம் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்தது, பெரியம்மா பத்தி ஸ்கூல்ல பேசக்கூடாது. தெருவுல பசங்க சண்டையில "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு கத்தினா என் உடம்பே கூசும், எங்க வீட்டைத்தான் சொல்றாங்களோன்னு. எங்க அம்மாகிட்ட என் விஷயத்தை சொன்னப்போ அவங்க முதல் வார்த்தை, "யார்கிட்டயும் வாயைத் தொறந்துடாத, நம்ம புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்". கோவம் வரல எனக்கு. தன் சொந்த அக்காவுக்கு நடந்ததைப் பாத்தவங்க, அந்தப் பயம் அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்காத அந்த மூணு வாரம் தூக்கமே இல்லை. ஃபோனை எடுத்து இதைப் பத்தியேதான் தேடித் தேடிப் படிச்சேன், பாத்தேன். முதல்ல வந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச தீபிகா படுகோன் பேட்டிதான். 2015-ல டிவியில உக்காந்து எனக்கு டிப்ரெஷன் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதுல எனக்குப் பிடிச்சது அவங்க அம்மா கண்டுபிடிச்ச விதம், பெங்களூருலேர்ந்து மகளைப் பாக்க வந்தவங்க கிளம்புற நேரத்துல மக அழுத அழுகை வழக்கமான அழுகை இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, டாக்டரைப் பாருன்னு சொன்னாங்க. அந்த வருஷமே லிவ் லவ் லாஃப்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. நடிகைக்கு என்ன, காசு இருக்கு, சொல்லிடலாம்னு நானும் முதல்ல நினைச்சேன். அப்புறம் பாத்தா அந்த அமைப்பு நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல கிராமங்கள்ல மனநோய் இருக்கிறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் உதவி பண்ணுது, அதுக்கப்புறம் 2022 அக்டோபர்ல தீபிகாவே நேர்ல வந்துட்டுப் போனாங்க. முகத்தை வெச்சுப் பொழைக்கிற தொழில்ல இருக்கிற ஒருத்தி அந்த முகத்தையே பணயம் வெச்சுதான் பேசியிருக்கா. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு என் லேபிளைப் பாத்தப்போ புரிஞ்சுச்சு.

ஆனா என்னைத் தூக்கிப் போட்டது நேஹா கிர்பால் கதை. 2008-ல டெல்லியில ஓவியங்களுக்குன்னு ஒரு பெரிய சந்தையை உருவாக்கினவங்க, இப்ப இந்தியா ஆர்ட் ஃபேர்னு சொல்றாங்களே அதுதான். வெளியில பாத்தா பெரிய ஆளு. வீட்டுக்குள்ள அம்மாவுக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், சின்ன வயசுலேர்ந்து அதைப் பாத்து வளந்தவங்க, அவ்வளவு வருஷம் அதை வெளியில பேசாமலேயே இருந்திருக்காங்க. அப்புறம் பேசினாங்க, ஓவியத் தொழிலை விட்டு அமாஹாங்கிற மனநல நிறுவனத்தோட இணை நிறுவனரா வந்துட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு இதைப் படிச்சிட்டு நான் எங்க பின்கட்டு ரூமை நினைச்சேன். எங்க வீட்ல பூட்டி வெச்ச அதே விஷயத்தை இன்னொருத்தி தொறந்து, "இது எங்க அம்மா"ன்னு பேர் போட்டு சொல்லியிருக்கா.

ரிச்சா சிங்னு ஒருத்தங்க, ஐஐடி குவாஹாத்தியில படிச்சவங்க. ஹாஸ்டல்ல கூட இருந்த தோழி உயிரை விட்டுட்டா, அது மனசை விட்டுப் போகாமதான் பின்னாடி யுவர்தோஸ்த்னு ஒரு ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பங்களாதேஷ்ல தவ்ஹிதா ஷிரோபான்னு ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு மோனேர் பொந்துன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, அங்க கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில தைக்கிற பொண்ணுங்க வரைக்கும் கவுன்சிலிங் கொண்டுபோயிருக்காங்க. மோனேர் பொந்துன்னா வங்காளத்துல மனசோட நண்பன். தோஸ்த்னாலும் நண்பன்தான். நம்ம சென்னையில டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-ல தற்கொலைத் தடுப்புக்குன்னு ஆரம்பிச்ச அமைப்போட பேரு ஸ்நேகா, அதுவும் சிநேகம்தான். 2022-ல நம்ம கவர்ன்மெண்ட் மனநல உதவிக்குன்னு ஆரம்பிச்ச 14416 ஃபோன் நம்பருக்கு வெச்ச பேரும் "நட்புடன் உங்களோடு". ஒருத்தரை ஒருத்தர் பாத்து வெச்சிருக்க மாட்டாங்க, ஆனாலும் எல்லாரும் ஒரே வார்த்தைக்கு வந்து நின்னிருக்காங்க பாருங்க. ஆஸ்பத்திரின்னு பேர் வெச்சா வாசல்லயே திரும்பிடுவோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

கீழ்ப்பாக்கம்ங்கிற பேரு எப்படித் திட்டு ஆச்சுன்னு அந்த ராத்திரிகள்ல நிறைய யோசிச்சேன். 1794-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. அங்க 1961-ல சூப்பரிண்டெண்டெண்ட் ஆனது ஒரு பெண், டாக்டர் சாரதா மேனன், நாட்டோட முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்றாங்க. பதினேழு வருஷம் அந்த நாற்காலியில இருந்தாங்க. உள்ள போனா வெளிய வர முடியாதுன்னு இருந்த இடத்துல, காலையில வந்து டாக்டரைப் பாத்துட்டு மாத்திரை வாங்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போற மாதிரி புறநோயாளிப் பிரிவைக் கொண்டுவந்தாங்க, குணமானவங்க ஏதாவது வேலை கத்துக்கட்டும்னு மறுவாழ்வுக்கு வழி பண்ணாங்க. ரிட்டயர் ஆனப்புறம் ஓய்ஞ்சு உக்காரல, 1984-ல மனச்சிதைவு நோய் இருக்கிறவங்களுக்காக ஸ்கார்ஃப்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. 2021 டிசம்பர்ல 98 வயசுல காலமானாங்க. நான் ராகியைக் கருக விட்ட அதே மாசம்தான் அது, பேப்பர்ல பாத்திருப்பேன், ஆனா அன்னைக்கு எனக்கு எதுவும் மனசுல ஏறல. பின்னாடி படிச்சப்போதான், நாம திட்டுறதுக்கு வெச்சிருக்கிற ஊர்ப்பேருக்குள்ள இப்படி ஒரு பொம்பளையோட ஆயுசு இருக்கேன்னு ரொம்ப நேரம் அழுதேன்.

பான்யன்ங்கிற அமைப்போட கதையும் அப்படித்தான். 1993-ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார்னு ரெண்டு பொண்ணுங்க, இருபது வயசைத் தாண்டினவங்க அவ்வளவுதான், சென்னையில ரோட்டுல மனசு சரியில்லாம கிடந்த ஒரு அம்மாவைப் பாத்து கூட்டிட்டு அலைஞ்சிருக்காங்க, எந்த இடத்துலயும் ஒழுங்கா ஏத்துக்கல. அப்ப நாமளே ஒரு வீடு எடுப்போம்னு ஆரம்பிச்சதுதான் அது, அந்த வீட்டுக்கு அடைக்கலம்னு பேரு. இப்ப அவங்க பண்றதுல ஒண்ணு என்னன்னா, வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியில, இல்லத்துல இருந்த பெண்களை நாலஞ்சு பேரா சேத்து சாதாரணத் தெருவுல ஒரு வாடகை வீட்ல குடிவைக்கிறாங்க. அவங்களே மார்க்கெட் போறாங்க, சமைக்கிறாங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசுறாங்க. கூட ஒத்தாசைக்கு ஆள் இருக்கு. எங்க பெரியம்மா 2003-ல செத்துப்போனாங்க, அந்த ரூம்லயேதான். அவங்க ரொம்ப நல்லா புளிக்குழம்பு வைப்பாங்கன்னு அம்மா ஒரு தடவை சொல்லியிருக்காங்க, நான் சாப்பிட்டதே இல்ல.

சரி, இதுல தொழில் பண்ற பொம்பளைங்களுக்கு மட்டும் என்ன தனியான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. எங்களுக்குத் தொழில் பண்ண அனுமதி குடுத்திருக்காங்க, அது ஒரு நிபந்தனையோட குடுத்த அனுமதி. வீட்டையும் பாத்துக்கிட்டு, புள்ளையையும் பாத்துக்கிட்டு, மாமியாருக்கு பிரஷர் மாத்திரையும் குடுத்துக்கிட்டு அப்புறம் பண்ணு. ஒரு ஆம்பளை தொழில்ல இடிஞ்சு உக்காந்தா "பாவம், எவ்வளவு டென்ஷன் அவனுக்கு"ம்பாங்க. நாங்க உக்காந்தா "யாரு உன்னை இழுத்துப் போட்டுக்கிட்டு செய்யச் சொன்னா, மூடிட்டு நிம்மதியா இரு"ம்பாங்க. எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவரே முதல் நாள் அதைத்தான் சொன்னாரு, அன்பாத்தான் சொன்னாரு. எனக்கு அன்னைக்குப் புரிஞ்சுது, நான் நோயைச் சொன்னா தொழிலை எடுத்துடுவாங்க. தொழில் போனா நான் யாரு? இன்னாரோட பொண்டாட்டி, இன்னாரோட அம்மா, அது எல்லாம் சந்தோஷம்தான், ஆனா மாவு அக்கான்னு கூப்பிடுவாங்களே அது ஒண்ணுதான் நானே சம்பாதிச்ச பேரு. அதனாலதான் நிறைய பேர் சொல்றதே இல்ல. சிரிச்ச முகத்தோட ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்காங்க.

என் அக்கா பொண்ணு அமெரிக்காவுல இருக்கா, அங்கேயே பொறந்தவ. அவகிட்ட சொன்னப்போ பிரவுன் கேர்ள் தெரபின்னு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் அனுப்பினா, சஹஜ் கௌர் கோலின்னு ஒரு பஞ்சாபி பொண்ணு 2019-ல ஆரம்பிச்சது, வெளிநாட்டுல குடியேறினவங்களோட புள்ளைங்களுக்காக. வீட்ல ஒரு ஆளா, வெளியில ஒரு ஆளா இருந்து இருந்து அந்தப் புள்ளைங்க படுற பாடு அதுல பேசுறாங்க. "சித்தி, நாலு பேர் என்ன சொல்வாங்கன்றதுக்கு எல்லா ஊர்லயும் ஒரு வார்த்தை இருக்கு"ன்னா அவ. அவளும் ரெண்டு வருஷமா தெரபிக்குப் போறாளாம். எங்க அக்காவுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

எனக்கு இதுல ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடணும். இந்த ஆப்பு, ஆன்லைன் கம்பெனி எல்லாம் நல்லதுதான், ஆனா நான் பாத்த ஒரு சில இடத்துல தமிழ்ல பேசுற கவுன்சிலர் கிடைக்கறதுக்கே காத்திருக்க வேண்டியிருந்துச்சு, ஒரு மணி நேரத்துக்கு அவங்க கேட்ட காசு எங்ககிட்ட வறுக்கிற அக்காவோட ரெண்டு நாள் கூலி. மனசுல இருக்கிறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு", "உசுரே இல்ல", "எதுலயும் ஒட்டல", இப்படித்தானே எங்களுக்கு வரும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16-ல நாட்டுல பன்னெண்டு மாநிலத்துல எடுத்த சர்வேயில பெரியவங்கள்ல நூத்துக்குப் பத்து பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு வந்துச்சு, நோயைப் பொறுத்து 70-லேர்ந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கல. அதனாலதான் சொல்றேன், பெரியாஸ்பத்திரியில இலவசமா பாக்குறாங்க, 14416-ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நான் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கேன். ஒரு தடவை பேசாம அழுதுட்டு மட்டும் வெச்சேன், அந்தப் பக்கம் இருந்த பொண்ணு அவசரப்படுத்தவே இல்ல.

எங்க ஊர்ல வீட்டுத்தொழில் பண்ற பெண்கள் ஒரு இருபத்தஞ்சு பேர் மாசம் ஒரு தடவை கூடுவோம். ஊறுகாய், நைட்டி, கேக், ஹெர்பல் சோப்பு, ஆரி வேலை பண்றவங்கன்னு எல்லாரும் உண்டு. யாராவது ஒருத்தர் அவங்க தொழில் கதையைச் சொல்லணும், எப்படி ஜெயிச்சேன்னு. போன வருஷம் ஆடி மாசம் என் முறை. ஜிஎஸ்டி பத்தியும் பேக்கிங் பத்தியும் பேசுறதுக்கு எழுதி எடுத்துட்டுப் போனேன். எழுந்து நின்னவுடனே பாக்கெட்டை எடுத்துக் காமிச்சு, இந்த ஃபோட்டோ 2017-ல எடுத்தது, 2021-ல இந்த முகத்தைப் பாத்து நான் பயந்தேன்னு ஆரம்பிச்சேன், அது எப்படி வந்துச்சுன்னு தெரியல. பன்னெண்டு கிலோ ராகி, ஏலக்காய் டப்பா, பின்கட்டு ரூம், பெரியம்மா பேரு உள்பட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பெரியம்மா பேரை நாப்பது வயசுல முதல் முறையா வெளியாளுங்க முன்னாடி சொன்னேன்.

யாரும் கைதட்டல. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் நைட்டி தைக்கிற அக்கா, ரொம்ப கறாரான ஆளு, கடன் பாக்கி வசூல் பண்றதுல அவங்களை மிஞ்ச ஆளில்ல, அவங்க எந்திரிக்காமலேயே "மாத்திரை சாப்பிட்டா குண்டாவோமா"ன்னு கேட்டாங்க. எனக்கு மூணு கிலோ கூடுச்சுக்கா, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையை மாத்திக்கிட்டேன்னேன். ஊறுகாய் போடுற பொண்ணு, "வாழ்நாள் பூரா சாப்பிடணுமா"ன்னா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்ப டோஸ் குறைச்சிருக்காங்கன்னேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் இதே பேச்சுதான், ஒருத்தி தூக்க மாத்திரையைக் கடையில தானே வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா, ஒருத்தியோட மாமனார் நாலு வருஷமா வீட்டை விட்டே வெளிய வரலையாம், யார்கிட்டயும் சொல்லல. நான் அன்னைக்கு தத்துவமா எதுவும் சொல்லல, எடை கூடுமா, காசு எவ்வளவு, எந்தக் கிழமை போகணும், புருஷன்கிட்ட எப்படிச் சொல்றது, இதெல்லாம்தான் எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்துச்சு. ஜிஎஸ்டி அடுத்த மாசத்துக்குப் போச்சு.

ஆர்டர் குறைஞ்சுச்சான்னு கேப்பீங்க. ஒரு கஸ்டமர் நிறுத்திட்டாங்க, அது எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். மத்தபடி கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல. ஏலக்காய் டப்பாவுல இப்ப ஏலக்காய் மட்டும்தான் இருக்கு, மாத்திரை அத்தையோட பிரஷர் மாத்திரை பக்கத்துல அதே தட்டுல இருக்கு. அத்தை முதல்ல ஒண்ணும் பேசல. போன வாரம் அவங்க மாத்திரையை எடுக்கும்போது என் அட்டையை எண்ணிப் பாத்துட்டு "ரெண்டுதான் இருக்கு, வாங்கிட்டு வரச் சொல்லு"ன்னாங்க.

இந்த மாசம் குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம்னு ஃபாரம் வாங்கினோம். அதுல ஒரு கேள்வி, மனநலச் சிகிச்சை எடுத்திருக்கீங்களான்னு. ஏஜெண்ட் தம்பி மெதுவா சொன்னான், "இல்லைன்னு போட்டுடுங்கக்கா, எதுக்கு வம்பு"ன்னு. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல உடம்பு நோய்க்கு எப்படி இன்ஷூரன்ஸ் குடுக்குறாங்களோ அதே மாதிரி மன நோய்க்கும் குடுக்கணும்னு எழுதியிருக்கு, கம்பெனிகள் அதைச் செய்யணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2022-ல மறுபடியும் சொல்லியிருக்கு, இதையெல்லாம் நான் படிச்சு வெச்சிருந்தேன், அவன்கிட்டயும் சொன்னேன். "சட்டம் இருக்குக்கா, ஆனா ரிஜெக்ட் பண்ணா நீங்கதான் அலையணும்"னான். எங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பாத்தாரு. "உன் இஷ்டம், நான் இருக்கேன்"னாரு. ஆம்னு டிக் பண்ணேன், எந்த வருஷம், என்ன மாத்திரை, எல்லாம் எழுதினேன், ஃபோட்டோ ஒட்டுற இடத்துல லேபிளுக்கு எடுத்த அதே ஃபோட்டோவோட காப்பிதான் கைவசம் இருந்துச்சு, அதையே ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். பன்னெண்டு நாள் ஆச்சு, பதில் இன்னும் வரல.